லிப்ட்காரன் மோதிரம்

“...அதெல்லாம் வேணாம். நீ இன்னா நெனைக்கிறேன்னு நான் கேக்கல. அந்தக் கெழவன் இங்கிலீசுல இன்னா கேட்டான், இவன் இங்கிலீசுல இன்னா சொன்னான், அத மட்டும் சொல்லு” என்றார் தாத்தா.

வாசற்படியை அடைத்தாற்போல் நாற்காலியைப் போட்டு அதில் அவர் உட்கார்ந்திருந்தார். டிவிக்குப் பக்கத்தில் நின்றிருந்த மாமா வாயைத் திறந்தார், மூடினார். பக்கத்து வீட்டு அத்தை வேர்க்கடலையை உடைப்பதை நிறுத்தினாள். அம்மா அடுப்புப் பக்கமே திரும்பி நின்றாள். எனக்கு வந்த கோபமெல்லாம், படத்தின் முக்கியமான கட்டத்தில் இவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்களே என்பதுதான்.

மாமா பதில் சொல்வதற்குள் முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் அந்தப் பதிலுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

தங்கச் சுரங்கத்து ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், கோரமண்டல் பக்கத்து லைனில், எங்களுக்கு ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் கொண்ட வீடு. ஒரே ஒரு வாசல். பின்பக்கம் குளிக்கிற மறைப்பு உண்டு, அதற்குப் பின்னால் சுவர். தாத்தா, மாமா, அம்மா, அப்பா, நான் என்று ஐந்து பேரும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் போனோம், வந்தோம். தாத்தா அம்மாவுக்கு அப்பா, மாமா அவளுக்குத் தம்பி. இருவரும் தாத்தாவை நைனா என்பார்கள். எனக்கு ஒன்பது வயது.

தாத்தா சுரங்கத்தில் கேஜ்காரர். ஆட்களைக் கீழே கொண்டுபோகிற அந்த இரும்புக் கூண்டு வந்து நிற்கிற இடத்தில், பூமிக்கு அடியில் ‘லெவல்’ என்கிற சுரங்கத் தளத்தில், நின்று ஆட்களை ஏற்றி இறக்கி மணி அடிப்பது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அவர் வாயில் ஒரு வாக்கியம் தங்கிவிட்டது: “கீழ போனா தெரியும்.” எனக்குக் கணக்கு வரவில்லை என்றால், கீழ போனா தெரியும். அம்மாவுக்கு முதுகு வலி என்றால், கீழ போனா தெரியும். ஒருமுறை அத்தையின் கோழி காணாமல் போனபோதும் அதையேதான் சொன்னார். அந்தக் கோழிக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நான் நெடுநாள் யோசித்தேன்.

மாமா நேர்மாறான ஆள். அவரை மட்டும் தாத்தா இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்திருந்தார். அந்தப் படிப்பு எங்கள் லைனுக்குப் பயன்பட்ட விதம் இதுதான்: கேபிளில் இங்கிலீஷ் படம் போட்டால் மாமா டிவி பக்கத்தில் நின்று, நடிகர்கள் பேசப் பேசத் தமிழில் சொல்வார். கதவு வைத்த கறுப்பு வெள்ளை டிவி எங்களுடையது. அதற்கு முன்னால் லைனே உட்காரும். “தம்பி சொல்லலைன்னா இது ஊமைப் படம்” என்பாள் அத்தை. மாமா சொல்கிற தமிழில் எல்லா வெள்ளைக்காரிக்கும் முறைமாமன் இருப்பான். எல்லாப் போலீஸ்காரனும் பெத்தவளுக்குப் பயப்படுவான். படத்தைவிட நீளமாகவே மாமா சொல்வார். யாரும் குறை சொன்னதில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்த வருஷம், தாத்தா யாரையோ கேட்டு அனுமதி வாங்கி, மாமாவைக் கேஜில் ஏற்றிக் கீழே கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். பெருமையாகத்தான் கூட்டிப்போயிருக்கிறார். திரும்பி வந்த மாமா இரண்டு முறை குளித்தார். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அன்றிலிருந்து கதவைச் சாத்தினால் அவருக்குத் தூக்கம் வராது. மழையானாலும் பனியானாலும் வாசற்கதவைத் திறந்து வைத்து, அதன் குறுக்கே படுப்பார். “கொசு வருதுடா” என்பாள் அம்மா. “வரட்டும்” என்பார் மாமா. கீழே என்ன பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் சொல்கிற அந்த வருஷம் கம்பெனியில் ஆள் எடுப்பதே ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. தாத்தா விடவில்லை. எந்த ஆபீசரின் வாசலில் எத்தனை நாள் நின்றாரோ, ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்து, திங்கட்கிழமை காலை ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு மாமா ஷாப்டுக்கு, கேஜ் இறங்குகிற அந்தக் குழிக்கு, வந்துவிட வேண்டும் என்றார். டிவி மேல் தன்னுடைய டோக்கனை எடுத்து வைத்தார். எண் அடித்த பித்தளை வில்லை அது. இறங்குகிறவன் அதைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு போவான், ஏறி வந்ததும் திரும்ப மாட்டுவான். மாட்டாத எண் இருந்தால், அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள். ஓய்வு பெற்ற அன்று தாத்தா அதைக் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

“இதே நம்பர்தான் இவனுக்கும் கேட்டிருக்கேன். குடுக்குறேன்னு சொல்லிட்டாங்க” என்றார். இதைவிடப் பெரிய வேலை கிடைத்திருந்தால்கூட அவர் முகம் அப்படி மலர்ந்திருக்காது. நம்பர் கிடைத்ததுதான் அவருக்கு விசேஷம்.

மாமா டோக்கனைத் தொடவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மாமா உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். நின்றால் கட்டைவிரல் தரையைத் தேய்க்கும். அம்மா ஒரே பாத்திரத்தை இரண்டு முறை விளக்கினாள். யாராவது அவள் பக்கம் திரும்பினாலே, “நான் ஒன்னும் சொல்லல” என்பாள். அவளை யாரும் எதுவும் சொல்லச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை அரிசி டிரம்முக்குப் பின்னால் நான் ஒரு பையைப் பார்த்தேன். மாமாவின் இரண்டு சட்டை, ஒரு பேன்ட், சர்டிபிகேட் வைத்த கவர். என் கையைப் பிடித்து இழுத்த அம்மா, “பாத்தத மறந்துடு. வாயத் தொறந்த, தெரியும் சேதி” என்றாள். மறப்பது என்றால் எப்படி என்று தெரியாத வயது. அன்று முழுக்க டிரம் பக்கம் பார்க்காமலே நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஓவர்டைம். அம்மாவின் கணக்கு எனக்குப் பிறகுதான் விளங்கியது. மத்தியானம் தாத்தா சாப்பிட்டுப் படுத்ததும் மாமா நழுவிவிடலாம். நாலு மணிக்கு மாரிகுப்பத்திலிருந்து வருகிற ரயில் கோரமண்டலில் நிற்கும். பங்காருப்பேட்டை போய்விட்டால் பெங்களூருக்கு எத்தனையோ வண்டி. மாமாவின் சிநேகிதன் ஒருவன் அங்கே ஒரு லாட்ஜில் இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டுமென்று சொல்லியிருந்தான்.

ஆனால் அன்று தாத்தா படுக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவினார், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்படியில் போட்டார். “காத்து வருது” என்றார். காற்று ஒன்றும் வரவில்லை.

எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. அன்றைக்குப் போடப்போகிற இங்கிலீஷ் படத்தின் துண்டுகளை ஒரு வாரமாக டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். டிவிக்கென்றே எடுத்த படமாம். ஓர் ஆள் நீளக் கோட்டு போட்டுக்கொண்டு கட்டடங்களுக்கு மேலே பறப்பான், அவன் விரலிலிருந்து மின்னல் அடிக்கும். அவன் பறக்கிற கட்டத்துக்காகவே நான் அந்த வாரத்தைத் தள்ளியிருந்தேன்.

படம் ஆரம்பித்தது. மாமாவால் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே சொன்னார். பெரிய பட்டணத்தில் உயரமான ஒரு கட்டடம், உச்சி மாடியில் ஒரு கிழட்டு மந்திரவாதி. அங்கே லிப்ட் கெட்டுப்போய்விட, ரிப்பேர் பார்க்க வருகிற இளைஞன்தான் கதாநாயகன். அந்த லிப்டில் கிழவன் தன் மோதிரத்தை வைத்து அழுத்தினால், அது தரையையும் தாண்டிக் கீழே கீழே போய், பேய்கள் அடைபட்டுக் கிடக்கிற இடத்தில் நிற்கும். பேய்கள் மேலே வந்துவிடாமல் கிழவன் இத்தனை காலமும் காவல் நின்றிருக்கிறான். இப்போது தள்ளாமை வந்துவிட்டது. மோதிரத்தையும் வித்தையையும் யாருக்காவது கொடுத்தாக வேண்டும். அவனுக்கு இந்த லிப்ட்காரனைத்தான் பிடித்திருக்கிறது. இவனோ ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடவே பார்க்கிறான்.

லிப்ட் தரையைத் தாண்டியதும் எங்கள் வீட்டில் ஒரு சத்தம் எழுந்தது.

“யம்மா, இது நம்ம கேஜ் இல்ல?” என்றாள் அத்தை. “எத்தினியாவது லெவல் தம்பி அது?”

“எண்ணிக்கையே கெடையாது அத்தை” என்றார் மாமா.

“பெல்லு அடிக்காம எறக்குறான்” என்றார் தாத்தா வாசலிலிருந்து. “எவன் ஏறினான், எவன் எறங்கினான், ஒரு கேள்வி இல்ல. இவனெல்லாம் இன்னா மந்திரவாதி.”

அதற்கப்புறம் எல்லோருக்கும் படம் புரிந்துவிட்டது. கிழவன் கேஜ்காரன், பேய் இருக்கிற இடம் லெவல், லிப்ட்காரன் புது ஆள். பேய்கள் ஏன் சுரங்கத் தொப்பி போடவில்லை என்று அத்தை கேட்டாள். நானும் அது தப்புதான் என்று நினைத்தேன்.

ஓரிடத்தில் கிழவன் கண்ணைச் சிமிட்டி லிப்ட்காரனிடம் ஏதோ சொன்னான். தாத்தா களுக்கென்று சிரித்தார். பிறகு மாமா, “‘பேயி ஒன்னும் பண்ணாதுடா, என் பொண்டாட்டியவிட சாது’ன்னு சொல்றான்” என்றார். அப்போது மற்றவர்கள் சிரித்தார்கள். தாத்தா ஏன் முன்னாலேயே சிரித்தார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். கிழவனுடைய தாடியைப் பார்த்துச் சிரித்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டிவி பக்கம் திரும்பிவிட்டேன்.

லிப்டின் கதவு மூடும்போதெல்லாம் மாமா திரையைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தார். விளம்பரம் வந்தால் அம்மாவைப் பார்த்தார். அம்மா வாசலைப் பார்த்தாள். வாசலில் தாத்தா, துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கேஜ் வாசலில் நிற்பது மாதிரியே உட்கார்ந்திருந்தார். மணி மூன்றரை ஆயிற்று. எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பை ஒரு பக்கம் உறுத்த, பறக்கிற கட்டம் இன்னும் வரவில்லையே என்பது இன்னொரு பக்கம்.

கடைசியில் வந்தது. பேய்கள் கதவை முட்டுகின்றன. கிழவன் சுவரில் சாய்ந்துவிட்டான். மோதிரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டி என்னவோ கேட்டான். லிப்ட்காரன் அதைப் பார்த்தான், கிழவனைப் பார்த்தான், முணுமுணுப்பாக இரண்டே வார்த்தை சொன்னான்.

மாமாவின் பார்வை திரையில் இல்லை, டிவி மேலிருந்த டோக்கனில் இருந்தது. அப்புறம் ஆரம்பித்தார்.

“இவன் சொல்றான், ‘உங்க மேல எனக்கு மரியாதை இல்லாம இல்ல. நீங்க அந்த இருட்டுல நின்னதாலதான் நாங்க மேல வெளிச்சத்துல சோறு துன்னோம், எனக்குத் தெரியும். ஆனா அன்னிக்கி என்னைக் கூட்டிக்கினு போனீங்களே, கதவ சாத்துனதுமே எனக்கு மூச்சு வரல. நீங்க எல்லார்கிட்டயும் எம்புள்ள எம்புள்ளன்னு காட்டிக்கினு இருந்தீங்க. அந்த நேரத்துல எப்படிச் சொல்றது. அப்புறமும் சொல்ல வாய் வரல. இப்பவும் கதவு சாத்தினா அங்கதான் நிக்கிறேன்’னு சொல்றான்.”

“அவன் ரெண்டு வார்த்தைதானே சொன்னான்?” என்றாள் அத்தை.

“இங்கிலீஷ் அப்படித்தான் அத்தை. அவன் சுருக்கா சொல்லிட்டுப் போயிடுவான், நாமதான் விரிச்சிக்கணும்” என்றார் மாமா. “என்னக் கேட்டா, அவன் பயந்தாங்கொள்ளின்னு சொல்லமாட்டேன். நான் இன்னா நெனைக்கிறேன்னா...”

அப்போதுதான் தாத்தா அவரை நிறுத்தினார். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கவில்லை, இங்கிலீஷில் என்ன சொன்னான் என்பதை மட்டும் சொல் என்றார்.

மாமா வாயைத் திறந்தார், மூடினார் என்று சொன்னேன் அல்லவா. மறுபடி திறந்தபோது சத்தம் வந்தது.

“‘என்னால முடியாது நைனா’ன்னு சொல்றான்.”

அத்தை கடலைத் தட்டைக் கீழே வைத்தாள். “அந்தக் கெழவன் அவனுக்கு நைனாவா? இத மொதல்லியே சொல்றதில்லையா தம்பி? நான் யாரோ எவனோன்னு பாத்துக்கினு இருக்கேன்.”

அந்தச் சமயம் பார்த்துத் திரை முழுக்க லிப்ட்காரனின் கை வந்தது. விரலில் மோதிரம். அது பளீரென்று மின்னியது. அடுத்த நிமிஷம் அவன் தோளில் கோட்டு வந்துவிட்டது, கதவைப் பிய்த்துக்கொண்டு மேலே கிளம்பிவிட்டான்.

நான் ஒரு வாரம் காத்திருந்த காட்சி. அதைப் பார்த்து முடிக்கும்வரை சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கண்ணெதிரே ஒரு பொய் நடக்கும்போது வாய் சும்மா இருக்குமா.

“மாமா, நீ தப்பா சொல்ற. அவன் முடியாதுன்னு சொல்லல. மோதிரத்தப் போட்டுக்கினான் பாரு. விரல்ல கீது பாரு” என்றேன். போதாதென்று எழுந்துபோய் டிவி கண்ணாடியிலேயே விரலை வைத்துக் காட்டினேன்.

அம்மா அடுப்பை விட்டுத் திரும்பினாள். மாமா என்னைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன்னால் பெரியவர்கள் யாரிடமும் பார்த்ததில்லை. பரீட்சையில் பிடிபட்ட என் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

“அது வேற மோதிரம்” என்றார் தாத்தா.

“இல்ல தாத்தா, அதேதான். கெழவன் குடுத்தானே, அதுதான்.”

“நான் பாத்தேன். கெழவன் மோதிரம் கெழவன் கையிலதான் கீது. இவன் போட்டுக்கினு இருக்கிறது இவனுது.”

“உனக்குக் கண்ணு தெரியாது” என்று சொல்லிவிட்டேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. அடித்தது அம்மா. தாத்தா என்னைக் கோபித்துக்கொள்ளவேயில்லை.

தாத்தாவின் கண் பழுதாகிவிட்டது என்றே நான் அன்றைக்கு முடிவு கட்டினேன். பழுதாகியிருந்தது என் காதுதான். மாமா லாட்ஜ் வேலையில் நிலைத்து, நாள் முழுக்கத் தெருவைப் பார்த்தபடி ஒரு மேசைக்குப் பின்னால் நின்று, மாதம் ஒருமுறை ரயிலேறி வந்துபோய்க்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். கீழே கேஜ் பக்கத்தில் நின்ற இத்தனை வருஷமும், முதலில் துரைமார்கள், அவர்களுக்குப் பின் ஆபீசர்கள், தாத்தாவை ஒரு கம்பத்தைப் போலப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் இங்கிலீஷில் பேசியிருக்கிறார்கள். யாருக்கு வேலை போகப் போகிறது, எந்த லெவலில் பாறை சடசடத்துச் சரியப் பார்க்கிறது, யார் மனைவி யாரோடு போனாள், எல்லாம். தாத்தா முகத்தை மரம் மாதிரி வைத்துக்கொண்டு, கேட்டுக் கேட்டே இங்கிலீஷ் பழகியிருக்கிறார். புரிகிறது என்று காட்டினால் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்பதால் வீட்டில்கூட அவர் காட்டவில்லை. பிள்ளைக்கும் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. “நான் ஒன்னும் சொல்லல” என்று முடித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இது எதுவும் தெரியாது. லிப்ட்காரன் பட்டணத்துக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தான், எனக்குத் தலையில் குட்டு வலித்தது, நான் சொன்னது சரி என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. தூரத்தில் மாரிகுப்பம் பக்கமிருந்து ரயில் கூவியது. மாமா அசையாமல் நின்றார். தாத்தா எழுந்தார். வாசற்படியிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். “மறைக்குது தாத்தா” என்று நான் கத்தக் கத்த, அதை டிவிக்கு நேர் எதிரே போட்டார். டோக்கனை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு திறந்து கிடந்த வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, படத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.